சரிந்த தோளும் நாற்பத்தைந்து டாலரும்

2015 நவம்பரில் கலிஃபோர்னியாவின் பெவர்லி ஹில்ஸில் ஒரு பழைய கிட்டார் ஏலத்துக்கு வந்தது. 1962-ல் லிவர்பூல் கடை ஒன்றில் ஜான் லெனன் 161 பவுண்டுக்கு வாங்கியது அது. அடுத்த ஆண்டு கடைசியில் லண்டனில் ஒரு கிறிஸ்துமஸ் கச்சேரித் தொடரின்போது காணாமல் போய், யாரோ எங்கோ பழைய விலைக்கு வாங்கி, தன்னிடம் இருப்பது என்னவென்றே தெரியாமல் பல பத்தாண்டுகள் வாசித்து, கடைசியில் அடையாளம் காணப்பட்டது. ஏலம் 24 லட்சம் டாலரைத் தொட்டு நின்றது.

கிட்டார் கடைக்கு முதன்முறையாகப் போகிற பையனுக்கு அண்ணன்மார் சொல்லி அனுப்பும் புத்திமதி ஒன்று உண்டு: “மேற்பலகை ஒரே மரமா, ஒட்டுப்பலகையா என்று பார். பிளைவுட்டாக இருந்தால் திரும்பி வந்துவிடு.” லெனனின் அந்தக் கிப்சன் ஜே-160இ-யின் மேற்பலகை பிளைவுட். மேடையில் ஆம்ப்ளிஃபயரோடு இணைத்து வாசிக்கும்போது கிட்டார் ஊளையிடாமல் இருப்பதற்காகக் கம்பெனியே வேண்டுமென்று அப்படிச் செய்தது. உள்ளே தாங்குசட்டங்களும் மலிவு கிட்டார்களில் உள்ளதுபோல் ஏணிப்படி வரிசைதான். புத்திமதி கேட்ட பையன் அன்று அந்த லிவர்பூல் கடையில் இருந்திருந்தால் லெனனைத் தடுத்திருப்பான்.

அந்தக் கிட்டாரின் வடிவத்தைத்தான் ‘ஸ்லோப் ஷோல்டர்’ என்கிறார்கள். சரிந்த தோள். கழுத்து உடலோடு சேரும் இடத்திலிருந்து இருபுறமும் கோடு சட்டென்று திரும்பாமல், தண்ணீர்க் குடத்தின் கழுத்தை விட்டு இறங்கும் வளைவுபோல வழிந்து இடுப்புக்கு வரும். எதிர் வடிவம் சதுரத் தோள். புதுச் சட்டையை ஹேங்கரில் மாட்டியதுபோல விறைப்பாக நிற்கும். சரிந்த தோள் கிட்டார்களில் உலகம் கொண்டாடும் பெயர் கிப்சன் ஜே-45. இன்று புதிதாக வாங்கினால் 3,000 டாலரை ஒட்டி வரும். போர்க்கால ஜே-45 என்றால் அதைப்போல இன்னும் சில மடங்கு. அதனால், அந்த ஓசையும் அந்த உருவமும் வேண்டும், ஆனால் அந்த விலை வேண்டாம் என்று தேடுகிறவர்கள் எல்லா நாட்டிலும் இருக்கிறார்கள். வேடிக்கை என்னவென்றால், ஜே-45 பிறந்ததே அப்படிப்பட்ட ஒரு தேடலுக்கு விடையாகத்தான்.

தோள் சரிந்த கதை கிப்சனில் தொடங்கவில்லை. 1916-ல் பாஸ்டனின் டிட்சன் என்ற இசைக்கடைக்காகப் பென்சில்வேனியாவின் மார்ட்டின் கம்பெனி வழக்கத்தைவிட அகன்ற, கனத்த ஒரு கிட்டாரைச் செய்துகொடுத்தது. பத்து ஆண்டுகளுக்கு முன் பிரிட்டன் கடலில் இறக்கிய பெரும் போர்க்கப்பலின் பெயரை அதற்கு வைத்தார்கள்: டிரெட்நாட். அந்த முதல் டிரெட்நாட்டின் தோள் சரிந்துதான் இருந்தது. கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கட்டைகளில், அதாவது ஃபிரெட்டுகளில், பன்னிரண்டாவதோடு உடல் தொடங்கிவிடும். 1929 வாக்கில் வாசிப்பவர்கள் கழுத்தில் இன்னும் மேலே விரல் எட்ட வேண்டும் என்று கேட்கத் தொடங்க, பதினான்கு ஃபிரெட் கழுத்துகள் வந்தன. இரண்டு ஃபிரெட் கூடுதலாக வெளியே தெரிய வேண்டுமானால் உடலின் மேல்பகுதியை வெட்டிக் குறைக்க வேண்டும். 1934-ல் மார்ட்டின் தன் டிரெட்நாட்டைப் பதினான்கு ஃபிரெட்டுக்கு மாற்றியபோது தோளைத் தட்டிச் சதுரமாக்கியது.

அதே 1934-ல் மிச்சிகன் மாநிலத்தின் கலமசூ நகரில் கிப்சன் தன் ‘ஜம்போ’வைக் கொண்டுவந்தது. மார்ட்டினுக்குப் போட்டிதான், ஆனால் கிப்சன்காரர்கள் பதினான்கு ஃபிரெட்டையும் வைத்து, தோளின் வளைவையும் விடாமல் காப்பாற்றினார்கள். அடிவயிறு 16 அங்குல அகலம். தந்தி நீளம் பின்னாளில் இருபத்து நான்கே முக்கால் அங்குலம் என்று நிலைபெற்றது; மார்ட்டினைவிட அரை அங்குலத்துக்குச் சற்று மேல் குறைவு. நீளம் குறைந்தால் தந்தியின் இழுவிசை குறையும், இடது கை விரலுக்கு வலி குறையும், ஓசை பளிச்சென்று நீளாமல் கொஞ்சம் உலர்ந்து, தொண்டைக்குள்ளிருந்து பேசுவதுபோல் வரும். பாடுகிறவனின் குரலுக்கு மேலே ஏறி உட்காராத ஓசை அது. தனியாக நின்று பாடுகிறவர்கள் இதை விட்டுப் பிரியாததற்குப் பாதிக் காரணம் இதுதான்.

ஜம்போவின் விலை 60 டாலர். 1934-ல் அமெரிக்கா பொருளாதாரப் பெருமந்தத்தின் அடியில் கிடந்தது. வேலைக்கு ஆள் இருந்தும் கிட்டார் வாங்க ஆள் இல்லாததால் கலமசூ தொழிற்சாலையே அந்த ஆண்டுகளில் மரப்பொம்மைகள் செய்து விற்றது. 1936 கடைசியில் கம்பெனி இரண்டு திசையிலும் போய்ப் பார்த்தது. மேலே, ரோஸ்வுட் உடலுடன் 80 டாலருக்கு ‘அட்வான்ஸ்டு ஜம்போ’. நான்கு ஆண்டுகளில் 300 செய்வதற்குள் அது நின்றுபோனது. கீழே, அலங்காரமெல்லாம் கழித்த மகோகனி உடலுடன் ஜே-35. பெயரில் இருக்கும் எண்ணே அதன் விலை: 35 டாலர். இரண்டில் எது ஓடியது என்று சொல்ல வேண்டியதில்லை.

1942-ல் ஜே-35-ஐ நிறுத்திவிட்டு அதன் இடத்தில் வைத்ததுதான் ஜே-45. இதற்கும் பெயரே விலைச்சீட்டு. அன்றைய அமெரிக்கச் சட்டப்படி குறைந்தபட்சக் கூலி மணிக்கு 30 சென்ட். அந்தக் கூலிக்காரர் 150 மணி நேரம் உழைத்தால் ஒரு ஜே-45. இன்று கூட்டரசின் குறைந்தபட்சக் கூலி 7 டாலர் 25 சென்ட். 3,000 டாலர் கிட்டாருக்கு 400 மணி நேரத்துக்கு மேல் வேலை பார்க்க வேண்டும். வேறு விதமாகவும் கணக்குப் போடலாம். 1942-ன் 45 டாலரை விலைவாசி உயர்வோடு இன்றைக்குக் கொண்டுவந்தால் ஏறத்தாழ 850 டாலர் வரும். இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வேலைக்கு வரும்.

ஜே-45 பிறந்தது போர் நடுவில். இசைக்கருவிகளுக்கு உலோகம் தருவதில் அரசு கடும் கட்டுப்பாடு வைத்திருந்தது. கிட்டார்க் கழுத்தின் உள்ளே தந்தியின் இழுப்புக்கு வளையாமல் இருக்க ஓர் இரும்புக் கம்பி போகும். டிரஸ் ராட் என்பார்கள். கிப்சன் தொழிற்சாலையிலேயே 1920-களில் கண்டுபிடித்துக் காப்புரிமை வாங்கிய சங்கதி அது. போர்க்காலத்தில் அந்தக் கம்பிக்கே தட்டுப்பாடு வந்து, பல கிட்டார்கள் கம்பியில்லாத தடித்த கழுத்தோடு வெளியே வந்தன. மகோகனி கிடைக்காதபோது மேப்பிள் துண்டுகளை அடுக்கி ஒட்டிக் கழுத்து செய்தார்கள். மேற்பலகைக்கு வழக்கமாக இரண்டு ஸ்ப்ரூஸ் பலகைகள் போதும். அகலமான மரம் இல்லாத நாட்களில் நான்கு துண்டுகளைச் சேர்த்தார்கள். இந்த ஒட்டுகளை மறைத்தது சன்பர்ஸ்ட் பூச்சு: நடுவே தேன் நிறம், ஓரத்துக்குப் போகப் போகக் கருகிய பழுப்பு. இன்று ‘கிளாசிக்’ என்று வாங்குபவர்கள் தடவிப் பார்க்கும் அந்த நிறம், அன்று மரத்தின் குறைக்குப் போட்ட போர்வை.

அந்தக் காலக் கிட்டார்களின் தலைப்பட்டையில் பொன்னிறத்தில் ஒரு சிறு நாடா வரைந்திருக்கும். கிப்சனுக்குக் குறைந்த எதுவும் போதாது என்ற பொருளில் ஒரு வரி. அதை வைத்து இவற்றுக்கு ‘பேனர் கிப்சன்’ என்று பெயர். ஆனால் போர் நாட்களில் தாங்கள் கிட்டாரே செய்யவில்லை, ராணுவப் பொருட்களும் தந்திகளும்தான் செய்தோம் என்பதுதான் கம்பெனி வெகுகாலம் சொல்லிவந்த கதை. பேனர் கிப்சன்கள் சந்தையில் சுற்றிக்கொண்டே இருக்க, இந்தக் கதையும் கூடவே சுற்றிக்கொண்டிருந்தது.

இதை அவிழ்த்தவர் ஜான் தாமஸ் என்ற சட்டப் பேராசிரியர். அவர் கையில் கிடைத்தது ஒரு புகைப்படம். 1944-ல் கலமசூ தொழிற்சாலை வாசலில் எடுத்தது. வரிசை வரிசையாக ஏறத்தாழ 75 பேர், எல்லாரும் பெண்கள். ஆண்கள் போர்முனைக்குப் போனதும் தொழிற்சாலை உள்ளூர்ப் பெண்களை வேலைக்கு எடுத்திருந்தது. பழைய அனுப்புப் பதிவேடுகளைப் புரட்டியபோது, போர் ஆண்டுகளில் ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பேனர் கிட்டார்கள் வெளியே போயிருப்பது தெரிந்தது. அவர் அதோடு நிற்கவில்லை. பேனர் கிட்டார்களையும் முன்பின் காலத்துக் கிட்டார்களையும் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார். பெண்கள் செய்தவற்றில் பலகைகளும் தாங்குசட்டங்களும் நுணுக்கமாக, மெலிதாக இழைக்கப்பட்டிருந்தன. 2013-ல் ‘கலமசூ கேல்ஸ்’ என்ற புத்தகமாக இது வெளிவந்தது. கம்பெனி ஏன் அத்தனை நாள் மறைத்தது என்பதற்குப் பெரிய சதியெல்லாம் தேட வேண்டாம்: அனுபவமுள்ள கைவினைஞர்கள் செய்தது என்று விளம்பரம் செய்த பொருளை, அண்மையில் சேர்ந்த பெண்கள் செய்தார்கள் என்று சொன்னால் விற்காது என்று அன்றைய வியாபாரிகள் பயந்திருக்கலாம். இன்று அதைச் சொன்னால்தான் விலை ஏறுகிறது.

கிப்சனே தன் மலிவுச் சரக்குக்கு வேறு பெயர் வைத்து விற்ற கதை இன்னும் சுவையானது. மந்த காலத்தில் தலையில் கிப்சன் என்று எழுதினால் விலை இறங்காது, எழுதாமல் விட்டால் இறக்கலாம் என்று கண்டார்கள். ஊர்ப் பெயரையே ஒட்டி ‘கலமசூ’ என்று ஒரு பிராண்ட். அதே கூரைக்கடியில், அதே ஆட்களின் கையில் உருவாகும். ஆனால் டிரஸ் ராட் கிடையாது, உள்ளே எக்ஸ் வடிவச் சட்டத்துக்குப் பதிலாக ஏணிச் சட்டம். மான்ட்கோமரி வார்டு என்ற தபால் விற்பனை நிறுவனத்துக்கு ‘ரெக்கார்டிங் கிங்’ என்ற பெயரில் செய்துகொடுத்தார்கள். அதில் 1939 வாக்கில் வந்த ஒரு வரிசை, கவ்பாய் பாடகர் ரே விட்லியின் பெயர் தாங்கியது. சரிந்த தோள், எக்ஸ் சட்டம், ரோஸ்வுட் அல்லது மகோகனி உடல். ஏதோ பண்ணை வீட்டில் தபால் பட்டியலைப் புரட்டி அதை வரவழைத்தவருக்கு, தன் மடியில் இருப்பது கிப்சனின் அட்வான்ஸ்டு ஜம்போவுக்குத் தம்பி என்று தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

ஏணிச் சட்டம், எக்ஸ் சட்டம் என்று அடிக்கடி வருவதால் உள்ளே ஒருமுறை எட்டிப் பார்ப்பது நல்லது. ஒலித்துளைக்குள் சிறு கண்ணாடியை விட்டு டார்ச் அடித்தால் மேற்பலகையின் முதுகு தெரியும். அங்கே குறுக்கே படிக்கட்டுபோல் மூன்று நான்கு கட்டைகள் கிடந்தால் அது ஏணி. ஒட்டுவது சுலபம், கூலி குறைவு. இரண்டு நீண்ட கட்டைகள் ஒலித்துளைக்குக் கீழே ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு ஓடி, ஒவ்வொன்றின் நடுவிலும் உளியால் குடைந்த பள்ளம் இருந்தால் அது பழைய கிப்சன் பாணி எக்ஸ். அந்தப் பள்ளம்தான் பலகையை அதிர விடுகிறது. ஏணி கிட்டாரின் ஓசை குத்தலாக, குறுகி வரும். புளூஸ் வாசிக்கிற சிலர் அதைத்தான் தேடி வாங்குகிறார்கள் என்பது வேறு விஷயம்.

போருக்குப் பின் ஜே-45 ஊர் ஊராகப் போனது. டெக்சஸ்காரரான பாடகர் படி ஹாலி தன் ஜே-45-க்குத் தானே தோலில் உறை தைத்து, அதில் தன் பெயரையும் பாட்டுப் பெயர்களையும் செதுக்கிப் போர்த்தியிருந்தார். அதே உடல் சன்பர்ஸ்ட் இல்லாமல் மரத்தின் இயல்பு நிறத்தோடு வந்தால் ஜே-50; பாப் டிலனின் முதல் இசைத்தட்டு உறையில் அவர் பிடித்திருப்பதும் ஜேம்ஸ் டெய்லர் தொடக்க கால இசைத்தட்டுகளில் வாசித்ததும் ஜே-50. இப்படிப் புகழ் ஏறிக்கொண்டே போக, தொழிற்சாலையில் மறுபக்கம் சிக்கனம் ஏறிக்கொண்டே வந்தது. 1955-ல் குடைந்த சட்டங்கள் போய் குடையாத தடித்த சட்டங்கள் வந்தன. அடுத்து, உடலின்மேல் தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜ் திருகால் உயர்த்தி இறக்குவதாக மாறியது. 1960-களின் தொடக்கத்தில் சில ஆண்டுகள் மர பிரிட்ஜுக்குப் பதில் உள்ளே பொள்ளலான பிளாஸ்டிக் பிரிட்ஜைத் திருகாணி போட்டு முடுக்கினார்கள். வெப்பத்தில் அது வளைந்ததும் வாங்கியவர்கள் மர பிரிட்ஜ் மாற்றப் பட்டறைக்கு ஓடியதும் பழைய கிட்டார் பழுதுபார்ப்பவர்கள் சிரித்துக்கொண்டே சொல்லும் கதைகள். 1960-கள் முடியும்போது கடைசி அடியும் விழுந்தது: ஜே-45-ன் தோளையே சதுரமாக்கிவிட்டார்கள். அந்தப் பெயரில் சரிந்த தோள் மறுபடி முறையாக வர 1980-கள் ஆனது.

ஆக, நல்ல சரிந்த தோளைத் தேடியவர்கள் 1960-களிலேயே கிப்சன் பெயர் இல்லாத பக்கம் திரும்ப வேண்டியிருந்தது. அங்கே இரண்டு பேர் காத்திருந்தார்கள்.

ஒருவர் கிப்சனின் வளர்ப்புப் பிள்ளை. நியூயார்க்கில் கிரேக்கக் குடியேறிகளின் குடும்பம் வளர்த்த எபிஃபோன் கம்பெனி, ஒரு காலத்தில் கிப்சனுக்குச் சரிநிகர் போட்டி. அது நொடித்தபோது 1957-ல் கிப்சனின் தாய் நிறுவனம் 20,000 டாலருக்கு வாங்கியது. கிப்சனை நடத்திய டெட் மெக்கார்ட்டி, பெரிய பாஸ் வாத்தியங்கள் செய்யும் தொழில் மட்டும் கிடைக்கும் என்று நினைத்தாராம். வண்டியில் வந்து இறங்கியதோ கிட்டார் உட்பட மொத்தக் கம்பெனியும். அதை வைத்து கலமசூவிலேயே எபிஃபோன் பெயரில் கிட்டார்கள் செய்து, கிப்சன் ஏஜென்சி கிடைக்காத கடைகளுக்குக் கொடுத்தார்கள். அப்படி 1958-ல் தொடங்கியது எபிஃபோன் டெக்சன். உடல் ஜே-45-ன் உடலேதான். தந்தி நீளம் மட்டும் சற்றுக் கூடுதல். பால் மெக்கார்ட்னி 1964-ல் ஒன்று வாங்கினார். இடது கைக்காரரானதால் தந்திகளைத் திருப்பி மாட்டிக்கொண்டார். 1965 ஜூனில் ‘யெஸ்டர்டே’ பாட்டை அந்த டெக்சனை வைத்துத்தான் பதிவு செய்தார். இரண்டாம் பெயரில் வந்த கிட்டாருக்கு அதற்கு மேல் என்ன மரியாதை வேண்டும்?

இன்னொருவர் சிகாகோவின் ஹார்மனி. 1916-லேயே சியர்ஸ் நிறுவனம் வாங்கிப் போட்ட தொழிற்சாலை. ஆண்டுக்கு லட்சக்கணக்கில் தந்திக் கருவிகள் செய்து தள்ளிய இடம். அதன் ‘சாவ்ரின்’ ஜம்போவுக்கு ஒரே மர ஸ்ப்ரூஸ் மேற்பலகை, ஒரே மர மகோகனி உடல், உருண்ட தோள். உள்ளே மட்டும் ஏணி. மாணவர்களுக்கென்று விற்ற கிட்டார். லெட் செப்பலினின் ஜிம்மி பேஜ் ‘ஸ்டேர்வே டு ஹெவன்’ பாட்டின் தொடக்கத்தை வாசித்தது இந்த ஹார்மனியில். இன்று பழைய சாவ்ரினை வாங்கி, முதுகைக் கழற்றி, ஏணியைப் பிய்த்து எக்ஸ் சட்டம் ஒட்டித் தருகிற பட்டறைகள் அமெரிக்காவில் உண்டு. அசல் பொருளைக் கெடுப்பதாகச் சிலர் முணுமுணுப்பார்கள். அரை நூற்றாண்டு உலர்ந்த மகோகனியை அந்த விலைக்கு வேறு எங்கே வாங்குவது என்பது மற்றவர்கள் கேள்வி; அதில் நியாயம் கொஞ்சம் கூடுதல்.

ஹார்மனி 1970-களின் நடுவில் மூடிக்கொண்டது. அதை விழுங்கியது ஜப்பான். எபிஃபோன் உற்பத்தியே 1970-ல் ஜப்பானுக்குப் போய்விட்டது. அதே ஆண்டு மார்ட்டின், இறக்குமதிக் கிட்டார்களுக்கென்று சிக்மா என்ற மலிவு பிராண்டைத் தொடங்கியது. ஜப்பானியப் பட்டறைகள் அமெரிக்க வடிவங்களைத் தலைப்பட்டை எழுத்து வரை பார்த்துச் செய்தன. 1977-ல் கிப்சனின் அன்றைய தாய் நிறுவனம் தலைப்பட்டை வடிவத்தைக் காப்பியடித்ததாக இபானஸ் கிட்டார்களை விற்றவர்கள் மேல் வழக்குப் போட்டது மின்சாரக் கிட்டார் விவகாரம்தான் என்றாலும், பயம் எல்லாருக்கும் பரவியது. பின் கொரியா, பின் சீனா. சிக்மா கைமாறி இப்போது ஜெர்மன் நிறுவனத்திடம் இருக்கிறது. அது விற்கும் கிட்டார்களில் ஜே-45 சாயலில் ஒரு சரிந்த தோளும் உண்டு. மார்ட்டின் பெற்ற பிள்ளை கிப்சன் சட்டை போட்டுக்கொண்டு திரிகிறது. ரெக்கார்டிங் கிங் பெயரையும் கலிஃபோர்னியா நிறுவனமொன்று தூசி தட்டி எடுத்து, சீனாவில் செய்து விற்கிறது.

சீனாவின் பங்கை மட்டம் தட்டிப் பேசுவது இப்போது பழைய வழக்கம். பாஸ்டனில் புல்லாங்குழல் படித்த சீன மாணவர் சியன் நீ 1992-ல் தொடங்கிய ஈஸ்ட்மன், முதலில் வயலின்களைக் கையால் இழைத்தது. பிறகு கிட்டாருக்கு வந்தது. அதன் இ10எஸ்எஸ் சரிந்த தோளுக்குப் போருக்கு முன் கிப்சன் பயன்படுத்திய அதே ஆதிரோண்டாக் ஸ்ப்ரூஸ் மேற்பலகை, மகோகனி உடல். விலை, கிப்சன் இப்போது அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் செய்யும் ஜே-45-ல் பாதியளவே. எபிஃபோனும் 2004-ல் சீனாவின் சிங்டாவ் நகரில் சொந்தத் தொழிற்சாலை திறந்தது. முதலில் ஏஜே வரிசை என்று மேற்பலகை மட்டும் ஒரே மரமாக, மற்றது ஒட்டுப்பலகையாகச் சில நூறு டாலருக்குச் சரிந்த தோள் கிட்டார்கள் வந்தன. 2020-ல் கிப்சனே மனம் இறங்கி, ஜே-45 என்ற பெயரையே எபிஃபோனுக்குத் தந்தது. மேல், பக்கம், முதுகு எல்லாம் ஒரே மரம். அது கடைகளில் 700 முதல் 900 டாலருக்குள் கிடைக்கிறது. முன்பு நினைவில் வைக்கச் சொன்ன எண் இங்கேதான் உதவும். 1942-ன் 45 டாலர் இன்றைக்கு 850 டாலர். விலைச்சீட்டை வைத்துப் பார்த்தால் கலமசூ பெண்கள் செய்த கிட்டாரின் வாரிசு மொன்டானாவில் இல்லை, சிங்டாவில் இருக்கிறது.

மொன்டானா ஏன் இத்தனை விலை? கூலி ஒரு காரணம், பெயர் இன்னொரு காரணம், மரம் மூன்றாவது. மரக் கணக்கில் நம் பக்கமும் வருகிறது. பிரேசில் ரோஸ்வுட் கட்டைகளை ஏற்றுமதி செய்யத் தடை வந்ததும் 1969 முதல் அமெரிக்கக் கம்பெனிகள் இந்திய ரோஸ்வுட் பக்கம் திரும்பின. நீலகிரி, வயநாடு, குடகுக் காடுகளில் நாம் ஈட்டி என்றும் தோதகத்தி என்றும் சொல்லும் மரம்தான் அது. கட்டில், பீரோ என்று வீட்டுச் சீதனமாகப் போன மரம், விரற்பலகையாக, கிப்சன் தொழிற்சாலைகள் இருந்த மெம்ஃபிஸுக்கும் நாஷ்வில்லுக்கும் போனது. 2011-ல் இந்தியாவிலிருந்து போன விரற்பலகைத் துண்டுகளின் விவகாரம், அவை இந்தியச் சட்டம் அனுமதிக்கும் வடிவில் வந்தனவா என்ற கேள்வியில், கிப்சன் தொழிற்சாலைகளில் அமெரிக்க அதிகாரிகள் சோதனை நடத்தும் அளவுக்குப் போனது. அடுத்த ஆண்டு, மடகாஸ்கர் கருங்காலி தொடர்பான பழைய விவகாரத்தையும் சேர்த்து, 3 லட்சம் டாலர் அபராதத்தோடு சமரசமானது. 2017-ல் ஈட்டி இனம் முழுவதும் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுக்குள் வந்தது; இசைக்கருவியாகச் செய்து முடித்தவற்றுக்கு 2019-ல் விலக்குக் கிடைத்தது. அந்த 2019-ல்தான் கிப்சன் தன் மொன்டானாத் தொழிற்சாலையிலேயே ஜி-45 என்ற சிக்கனக் கிட்டாரைக் கொண்டுவந்தது: சரிந்த தோள், வால்நட் உடல், ரோஸ்வுட்டுக்குப் பதில் காகிதக் கூழை ரெசினில் இறுக்கிய விரற்பலகை. தொடக்க விலை ஆயிரம் டாலருக்கு ஒரு டாலர் குறைவு. பெயரில் 45 இருக்கிறது. விலைக்கும் அதற்கும் இப்போது சம்பந்தம் இல்லை.

நம் ஊர்க் கடைகளில் மாட்டியிருக்கும் இன்னொரு பெயரையும் சொல்லாமல் விட முடியாது. கொல்கத்தாவில் தயாராகி நாடு முழுவதும் போகும் ‘கிவ்சன்’. ஓர் எழுத்துதான் வித்தியாசம். இந்தியாவில் கிட்டார் பழகியவர்களில் எத்தனையோ பேரின் முதல் கிட்டார் ஒரு கிவ்சனோ ஹாப்னரோதான். தந்தி விரற்பலகையிலிருந்து ஒரு பென்சில் தடிமனுக்கு உயர்ந்து நிற்கும், விரல் நுனி காய்த்துப் போகும், எஃப் கார்டு பிடிப்பதற்குள் பாதிப் பேர் விட்டுவிடுவார்கள். விடாமல் நின்றவர்கள் அந்தக் கையோடு போய் எதையும் வாசித்தார்கள்.

கலமசூ தொழிற்சாலை 1984-ல் மூடப்பட்டது. கம்பெனி இடம்பெயர்ந்த நாஷ்வில்லுக்குப் போக மறுத்த பழைய ஊழியர்கள் சிலர் மறு ஆண்டே அதே பார்சன்ஸ் தெருக் கட்டடத்தில் ஹெரிடேஜ் என்ற பெயரில் கிட்டார் செய்யத் தொடங்கினார்கள். அந்தக் கட்டடத்திலிருந்து 1930-களில் பெயரில்லாமலும் மாற்றுப் பெயரிலும் போன கிட்டார்கள் இன்னும் அமெரிக்கச் சிறு நகரங்களின் அடகுக் கடைகளிலும் பரண்களிலும் தலைகாட்டுகின்றன. விவரம் தெரிந்தவர்கள் அவற்றின் தலைப்பட்டையைப் பார்ப்பதில்லை. தந்தியைத் தளர்த்தி, ஒலித்துளைக்குள் பல் டாக்டரின் கண்ணாடிபோன்ற ஒன்றை நுழைத்து, கழுத்து உடலோடு சேரும் உள்கட்டையை நோக்கி டார்ச்சைச் சாய்த்துப் பிடிக்கிறார்கள். தூசியைத் துடைத்தால் அங்கே மங்கிய மையில் ஒரு தொழிற்சாலை எண் குத்தியிருக்கும். அதைத் துண்டுச் சீட்டில் குறித்துக்கொண்டு, முகத்தில் எதுவும் காட்டாமல், கடைக்காரரிடம் என்ன விலை என்று கேட்கிறார்கள்.